வாழைக்கன்றும் ராமானுஜனும்

(கும்பகோணத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு நான் யோசித்துப் பிடித்ததில்லை. போன வருஷம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு கணித மேதை ராமானுஜன் பிறந்தநாளன்று பேசப் போயிருந்தேன். துறைமுகக் குமாஸ்தா வேலை, ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம், கேம்பிரிட்ஜ், 32 வயதில் மரணம் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி முடித்தேன். கேள்வி நேரத்தில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், ராமானுஜனை குளோனிங் பண்ணிட்டா, விட்டுப்போன கணக்கையெல்லாம் அவரே போட்டு முடிச்சிருவாரா?" கூடமே சிரித்தது. தலைமையாசிரியர் அவனை உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். நானும் ஏதோ வேடிக்கையாகச் சொல்லி மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. அன்று அந்தக் கூடத்தில் கேட்கப்பட்டதிலேயே உருப்படியான கேள்வி அதுதான். அந்தப் பையனுக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன். ராமானுஜன் தெருவில் நடந்த ஊரிலேயே அதைத் தீர்க்க வாய்ப்புக் கொடுத்தீர்கள், நன்றி.

முதலில், ஆகாத காரியத்தை ஆகாது என்று சொல்லிவிடுகிறேன். ராமானுஜன் 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் இறந்தார். உடல் எரியூட்டப்பட்டது. படியெடுக்க ஒரு உயிரணுகூட மிச்சமில்லை. ஐன்ஸ்டைனின் மூளையை 1955இல் அவர் இறந்தவுடன் மருத்துவர் ஒருவர் எடுத்து ஃபார்மலினில் போட்டுத் துண்டு துண்டாக நறுக்கி வைத்தார். ஃபார்மலினில் ஊறிய உயிரணுவிலிருந்து உயிர் கிளம்பாது. அதன் எடை 1,230 கிராம், நம் எல்லோருக்கும் இருப்பதைவிட அதிகமில்லை என்ற தகவல்தான் மிஞ்சியது. அதோடு, மனிதனைப் படியெடுப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். நம் நாட்டின் மருத்துவ ஆராய்ச்சி நெறிமுறைகளும் அதைத் தடுக்கின்றன. ஆகவே இன்று நாம் பேசுவது ஒரு கற்பனை. ஆனால் கற்பனைக்கும் கணக்கு வழக்கு உண்டு. எங்கிருந்தோ ராமானுஜனின் ஓர் உயிரணு கிடைத்துவிட்டது, சட்டமும் கண்ணை மூடிக்கொண்டது என்றே வைத்துக்கொள்வோம்.

குளோனிங் என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டாம். க்ளோன் என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சிறு கிளை, போத்து என்று பொருள். போத்து நடுவதைக் காவிரிக் கரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முருங்கை, கிளுவை, பூவரசு என்று வேலியோரமெல்லாம் நாம் வைத்திருப்பது குளோன்கள்தான். வாழை இன்னும் சுத்தமான உதாரணம். நாம் சாப்பிடும் வாழைக்கு விதை கிடையாது. பக்கக்கன்றிலிருந்துதான் அது பெருகுகிறது. தாய்வாழைக்கு உள்ள மரபணுதான் கன்றுக்கும். 'வாழையடி வாழையாக' என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, கொஞ்சம் யோசித்தால் அது குளோனிங் வாழ்த்து. நல்லவேளை, அது பலிப்பதில்லை.

ஆனால் வாழை வைத்தவருக்கு இன்னொன்றும் தெரியும். கொடைக்கானல் கீழ்மலையில் விளையும் விருப்பாச்சி வாழைக்கும், திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். புவிசார் குறியீடு என்றால், இந்தப் பண்டத்தின் குணத்துக்கு இந்த இடமே காரணம் என்று அரசாங்கமே எழுதிக்கொடுப்பது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன அந்தப் பழத்தின் கன்றைக் கொண்டுவந்து நம் வயலில் வைத்தால் வாழை வளரும்; மலையில் விளைந்த பழத்தின் மணம் வராது. மரபணுவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது மண், குளிர், மழை. படியெடுப்பது பற்றி ஒரு விஞ்ஞானியிடம் கேட்பதற்கு முன் நாம் கேட்டிருக்க வேண்டிய ஆள் அந்த மலைத்தோட்டத்துக்காரர்.

சரி, மிருகங்களுக்கு வருவோம். டாலி என்ற செம்மறி ஆடு 1996 ஜூலை 5 அன்று ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிறுவனத்தில் பிறந்தது. வளர்ந்த ஆடு ஒன்றின் மடிப் பகுதியிலிருந்து உயிரணு எடுத்தார்கள். இன்னொரு ஆட்டின் கருமுட்டையிலிருந்து உட்கருவை நீக்கிவிட்டு, இந்த உயிரணுவை அதனோடு மின்துடிப்பால் இணைத்தார்கள். இப்படி 277 முறை முயன்றதில் 29 கருக்கள் தேறின, ஒரே ஒரு குட்டி பிறந்தது. நம் நாட்டில் கர்னாலில் உள்ள தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனம் 2009இல் எருமைக் கன்றைப் படியெடுத்தது. சீனாவில் 2018இல் குரங்குகள் வரை வந்துவிட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. முட்டை கொடுத்த தாயின் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்ன மின்நிலையங்கள் குட்டிக்குள் தங்கிவிடுகின்றன. அவற்றுக்குச் சொந்தமாக 37 மரபணுக்கள் உண்டு. ஆகவே டாலியே கறாராகப் பார்த்தால் முழுப்படி கிடையாது. ஆனால் இது சில்லறைக் கணக்கு. இதை வைத்து வழக்காட நான் வரவில்லை.

பூனைக் கதைதான் சுவாரஸ்யம். அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ரெயின்போ என்ற பூனையைப் படியெடுத்தார்கள். வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு என மூன்று நிறம் கலந்த பூனை. பிறந்த குட்டிக்கு 'சிசி' என்று பெயர். கார்பன் காப்பி என்பதன் சுருக்கம். சிசிக்கு ஆரஞ்சு நிறமே இல்லை! பழுப்புக் கோடுகளும் வெள்ளையும் மட்டும். பெண் உயிரினங்களின் ஒவ்வொரு உயிரணுவிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அடங்கிப்போய்விடும். எந்த உயிரணுவில் எது அடங்கும் என்பது கருவிலேயே குருட்டாம்போக்கில் நடப்பது. ஆரஞ்சு நிறத்தைச் சுமந்த எக்ஸ் அடங்கிப்போன உயிரணு ஒன்றிலிருந்து சிசி வந்தாள். காப்பி என்று பெயர் வைத்த பூனை காப்பியாக வரவில்லை. அவள் பிறந்த தேதி 2001 டிசம்பர் 22. ராமானுஜன் பிறந்தநாள். இதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. சொல்லாமல் விட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ரோமத்தின் நிறத்திலேயே இவ்வளவு சூதாட்டம் என்றால் மூளையில் எப்படி இருக்கும்? மனித மரபணுக்கள் சுமார் 20,000. மூளையில் உள்ள நரம்பணுக்கள் ஏறக்குறைய 8,600 கோடி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்து நரம்பணுக்களோடு ஆயிரக்கணக்கில் இணைப்புகள். எந்த நரம்பு எதோடு கை கோக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதிவைக்க மரபணுவில் இடமே இல்லை. ஊருக்குப் பொதுவாகத் தெரு, வடிகால், சந்தைத் திடல் என்று வகுத்துக்கொடுப்பதோடு அதன் வேலை ஏறக்குறைய முடிகிறது. யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்கார்ந்து பேசுவார்கள் என்பது அங்கே வாழத் தொடங்கிய பிறகு தீர்மானமாவது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்குக் கைரேகைகூட ஒன்றாக இருப்பதில்லை. கருப்பைக்குள் இருக்கும்போதே அது வேறாகிவிடுகிறது.

இரட்டையர் என்றதும் சிலர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். நியாயம்தான். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்கள் இயற்கை எடுத்த படிகள். அவர்களைப் பார்த்தால், மரபணுவே எல்லாம் என்னும் எதிர்க்கட்சி வாதத்தின் பலமும் தெரியும். அதை மறைத்தால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆக மாட்டேன். சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் 1884இல் பிறந்த ஆகஸ்ட் பிக்கார், ஜீன் பிக்கார் சகோதரர்கள் அப்படிப்பட்ட இரட்டையர்கள். ஆகஸ்ட் 1931இல் பலூனில் ஏறி வளிமண்டலத்தில் 15 கிலோமீட்டருக்கு மேல் போனார். அதுவரை எந்த மனிதரும் போகாத உயரம். ஜீன் 1934இல் தன் மனைவி ஜீனெட்டோடு அமெரிக்காவில் பலூன் ஏறி 17 கிலோமீட்டரைத் தாண்டினார். ஒருவர் இயற்பியல், மற்றவர் வேதியியல். இருவருக்கும் ஒரே கிறுக்கு! மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் பிரித்து வளர்க்கப்பட்ட இரட்டையர்களை 1979 முதல் தேடிப் பிடித்து ஆராய்ந்தார்கள். ஐ.கியூ. வேறுபாட்டில் சுமார் 70 சதவீதம் மரபோடு தொடர்புடையது என்று 1990இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள்.

இந்த 70 சதவீதத்தைத்தான் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். என் மூளையில் எழுபது பங்கு அப்பா அம்மா கொடுத்தது, முப்பது பங்கு வாத்தியார் கொடுத்தது என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றிய எண் இது. எல்லோருக்கும் ஒரே மாதிரி சோறு, ஒரே மாதிரி பள்ளிக்கூடம் கிடைக்கும் ஊரில் மிச்சமிருக்கும் வித்தியாசமெல்லாம் மரபாகத்தான் தெரியும். ஒரு தெருவில் பள்ளிக்கூடம் இருக்கிறது, அடுத்த தெருவில் இல்லை என்ற ஊரில் அதே அளவுகோல் வேறு எண்ணைக் காட்டும். பிக்கார் சகோதரர்கள் ஒரே வீட்டில், ஒரே அப்பாவின் சாப்பாட்டு மேசையில், ஒரே பல்கலைக்கழகத்தில் வளர்ந்தவர்கள். நம் கற்பனை ராமானுஜனுக்கு அந்த வசதி இல்லை. மூலவர் பிறந்து நூற்றுமுப்பது வருஷத்துக்கும் மேல் கழித்து, வேறொரு தாயின் வயிற்றில், வேறொரு உலகத்தில் அவன் பிறக்கப்போகிறான்.

படியெடுத்து ஜெயித்த கதையே இல்லையா? இருக்கிறது. அது குதிரைக் கதை. அர்ஜென்டினாவில் அடோல்ஃபோ காம்பியாஸோ என்ற போலோ ஆட்டக்காரரிடம் குவார்த்தெதேரா என்ற பெண்குதிரை இருந்தது. போலோ உலகில் அதற்கு நிகரில்லை என்று பேர். அதைப் படியெடுத்தார்கள், ஒன்றிரண்டு அல்ல, பல. 2010இல் ஒரு படி எட்டு லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 2016இல் புவெனஸ் அயர்ஸில், அந்த விளையாட்டின் உச்சமான பலேர்மோ போட்டியில், காம்பியாஸோ அதே குதிரையின் ஆறு படிகள் மீது மாறி மாறி ஏறி ஆடிக் கோப்பையை வென்றார். பலிக்காது என்று சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள். நானும் பலிக்காது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் பலித்தது என்று பார்க்க வேண்டும். பாய்ச்சல், திரும்பும் வேகம், தாக்குப்பிடிக்கும் மூச்சு எல்லாம் உடம்பு சார்ந்த திறமைகள். அவற்றில் மரபின் பங்கு பெரிது. அதைவிட முக்கியம், ஆட்டம் மாறவில்லை. அதே மைதானம், அதே விதி, அதே பந்து, அதே பயிற்சி, கடைசியில் முதுகில் ஏறுகிற ஆளும் அதே ஆள். குவார்த்தெதேராவுக்கு எந்தப் பூட்டைத் திறக்க வேண்டியிருந்ததோ அதே பூட்டுதான் அதன் படிகளுக்கும் காத்திருந்தது. பாப் பிரையன், மைக் பிரையன் என்ற இரட்டையர்கள் டென்னிஸில் ஜோடியாக ஆடி 16 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வாங்கியதும் இப்படித்தான். வேடிக்கை என்னவென்றால், ஒருவருக்கு இடதுகைப் பழக்கம், மற்றவருக்கு வலதுகை.

இதைக் கேட்டுவிட்டு நம்மூர்க்காரர் யாராவது ஜல்லிக்கட்டுக் காளையைப் படியெடுக்கக் கிளம்பினால், அவர் டெக்சாஸ் விவசாயி ஒருவரின் கதையையும் கேட்டுவிட்டுப் போகட்டும். அவரிடம் சான்ஸ் என்ற காளை இருந்தது. குழந்தைகளை முதுகில் உட்காரவைத்துப் போட்டோ எடுக்கலாம், அவ்வளவு சாது. அது செத்ததும் மனம் தாங்காமல் அதைப் படியெடுக்கச் செய்தார். 1999இல் பிறந்த கன்றுக்கு செகண்ட் சான்ஸ் என்று பெயர். பார்வைக்கு அச்சு அசல் அதுவே. படுக்கும் இடம்கூட அதுவே என்று பூரித்துப் போனார். அந்தக் காளை வளர்ந்து அவரை இரண்டு முறை முட்டியது. மருத்துவமனையில் கிடந்தபோதும் அதன் மேல் அவருக்குக் கோபமில்லை. நான் இழந்ததை இது திருப்பித் தர வேண்டும் என்ற எதிர்பார்ப்பைப் பாவம் அந்த மாடு எப்படி அறியும்?

இனி மேதைகளை உற்பத்தி செய்ய மனிதர்கள் நிஜமாகவே முயன்ற கதை. ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921இல் கலிஃபோர்னியாப் பள்ளிகளில் வடிகட்டத் தொடங்கினார். ஐ.கியூ. மிக உயர்ந்த 1,500க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பொறுக்கி வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தார். பலர் நன்றாகவே வாழ்ந்தார்கள்; வக்கீல், பேராசிரியர், டாக்டர் என்று. ஒருவருக்கும் நோபல் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அந்தச் சோதனையில் தேறாமல் திருப்பி அனுப்பப்பட்ட பையன்கள் இருவர் பிற்பாடு நோபல் வாங்கினார்கள். ஒருவர் வில்லியம் ஷாக்லி, டிரான்சிஸ்டருக்காக 1956இல். இன்னொருவர் லூயிஸ் ஆல்வரெஸ், 1968இல். மேதைக்குச் சல்லடை செய்தவர் கையிலிருந்து மேதைகள் இருவர் கீழே விழுந்தார்கள்.

கதை இங்கே முடியவில்லை. 1980இல் கலிஃபோர்னியாவில் ராபர்ட் கிரஹாம் என்ற செல்வந்தர், உடையாத மூக்குக்கண்ணாடி வில்லைகளால் பணம் சேர்த்தவர், நோபல் பரிசாளர்களின் விந்தணுக்களைச் சேமித்து அறிவாளிக் குழந்தைகளை உருவாக்கும் வங்கி ஒன்றைத் திறந்தார். தானும் கொடுத்ததாக வெளிப்படையாக ஒப்புக்கொண்ட ஒரே நோபல்காரர் யார் தெரியுமா? சிறுவயதில் மேதைச் சோதனையில் தேறாத அதே ஷாக்லி! வயதான காலத்தில், சில இனத்தவர் பிறவியிலேயே அறிவு குறைந்தவர்கள் என்று மேடை மேடையாகப் பேசித் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டவர். தன்னை நிராகரித்த அளவுகோலையே கையில் எடுத்துக்கொண்டு மற்றவர்களை அளக்கப் புறப்பட்டவரை என்ன சொல்வது? அந்த வங்கி 1999இல் மூடப்பட்டது. அதன் வழியாக இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தார்கள். நோபல் பரிசாளர் எவருடைய குழந்தையும் அதில் இல்லை. பிறந்தவர்கள் நம் பிள்ளைகளைப் போன்ற பிள்ளைகளாக வளர்ந்தார்கள்.

இங்கே ஒரு நியாயம் சொல்ல வேண்டும். பிள்ளை பெறுவதும் படியெடுப்பதும் ஒன்றல்ல. அப்பாவின் மரபணுக்களில் பாதிதான் பிள்ளைக்கு வரும். சீட்டுக்கட்டு கலைத்துப் போடப்படும். டேவிட் லிக்கன் என்ற உளவியலாளர் சொன்ன கருத்து எனக்குச் சரியென்று படுகிறது. மேதைமை என்பது பல மரபணுக்கள் ஒரு குறிப்பிட்ட சேர்மானத்தில் அமைவதால் வருவதாக இருக்கலாம். ஒன்று தவறினாலும் ரசம் கெட்டுவிடும். அதனால்தான் அது பரம்பரையாக ஓடுவதில்லை. ராமானுஜனோடு வளர்ந்த தம்பிகள் கணிதத்தில் பேர் எடுக்கவில்லை. படியெடுத்தால் அந்தச் சேர்மானம் கலையாமல் வரும். ஆகவே ராமானுஜனின் படி, ராமானுஜனுக்கு ஒரு மகன் பிறந்திருந்தால் அவனைவிடக் கணக்கில் கெட்டிக்காரனாக இருக்க வாய்ப்பு அதிகம். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். எண்களைக் கண்டால் கண் விரியும் பையனாக அவன் இருக்கலாம். கேள்வி அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

ராமானுஜனுக்கு இந்த ஊரில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். அப்பா புடவைக் கடைக் குமாஸ்தா. வீட்டுச் செலவுக்குக் கட்டுப்படியாகாமல் கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்தார்கள். அந்த மாணவர்களிடமிருந்து பையன் கணக்குக் கற்றான். அவர்கள் வழியாகத்தான் லோனி என்பவரின் திரிகோணமிதி புத்தகம் கைக்கு வந்தது. குடும்பத்தில் கொஞ்சம் காசு இருந்திருந்தால் அந்த மாணவர்கள் வந்திருக்க மாட்டார்கள். 1903இல் இன்னொரு புத்தகம் வந்தது. கார் என்பவர் எழுதியது, ஆயிரக்கணக்கான தேற்றங்கள், பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல் வரிசையாக. அந்த கார் யார்? கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குப் பையன்களைத் தயார் செய்த டியூஷன் வாத்தியார்! ஆமாம், உலகத்தின் மகா கணித மேதை ஒருவரைக் கிளப்பிவிட்டது ஒரு கோச்சிங் நோட்ஸ். இதைச் சாக்காக வைத்துக்கொண்டு நாளைக்கே பிள்ளைகளைக் கோச்சிங் சென்டரில் கொண்டுபோய்த் தள்ளாதீர்கள், பெற்றோர்களே. அந்தப் புத்தகத்தை அவர் பரீட்சைக்காகப் படிக்கவில்லை. பரீட்சையில் தோற்பதற்காகப் படித்தார் என்றே சொல்லலாம்.

உண்மையில் தோற்றார். இங்கே அரசினர் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர மற்றதைத் தொடாததால் உதவித்தொகையை இழந்தார். சென்னையில் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. என்ற இடைநிலைப் பரீட்சை தேறவில்லை. காகிதம் விலை என்பதால் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதினார். நிரூபணம் இல்லாத அந்த நோட்டுகளின் நடை காரின் புத்தகமும் சிலேட்டும் சேர்ந்து கொடுத்தது. மரபணுவில் சிலேட்டுக்கு இடமில்லை.

பிறகு மனிதர்கள். 1910இல் அவர் வேலை கேட்டுத் திருக்கோயிலூருக்குப் போய்ப் பார்த்த டெபுடி கலெக்டர் ராமசாமி ஐயர், தற்செயலாக இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். கழகம் அப்போது மூன்று வயதுக் குழந்தை. நோட்டைப் பார்த்துவிட்டு, இவரைத் தாலுகா ஆபீஸில் உட்காரவைத்து அழுத்திவிடக் கூடாது என்று முடிவு செய்து வேறு ஆட்களிடம் அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912இல் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளம். மேலதிகாரி நாராயண ஐயரும் கணக்குக்காரர். 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம் ஹார்டிக்குப் போனது. அதற்கு முன்பு கேம்பிரிட்ஜில் வேறு பெரியவர்களுக்கு எழுதியது வீணாய்ப் போயிருந்தது. ஹார்டியும் முதலில் ஏதோ மோசடி என்றுதான் நினைத்தார். ராத்திரி சக கணிதர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தால், அதே மரபணுக்களோடு ஒரு சாதாரணக் குமாஸ்தா ரிட்டயர் ஆகியிருப்பார். படியெடுத்தால் படியெடுக்க வேண்டியது ராமானுஜனை மட்டுமா? ராமசாமி ஐயரையும் ஹார்டியையும் அல்லவா சேர்த்து எடுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வறுமையும் நோயும்தான் அவரை மேதையாக்கின என்று சிலர் உருகுவார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. வறுமை கல்லூரியைப் பறித்தது, நோய் உயிரைப் பறித்தது. அவை கொடுத்ததைவிடக் கெடுத்தது அதிகம். நான் சொல்வது, அவருடைய கணிதத்தின் சாயல் அந்த வாழ்க்கையின் சாயல் என்பது மட்டுமே. வேறு வாழ்க்கை அமைந்தால் வேறு சாயல் வரும். நன்றாகவும் வரலாம். ஆனால் நாம் ஆசைப்பட்ட அது வராது.

இப்போது அந்த எட்டாம் வகுப்புப் பையனின் கேள்விக்கு நேராக வருகிறேன். விட்டுப்போன கணக்கையெல்லாம் அவரே போட்டு முடிப்பாரா?

தம்பி, அந்தக் கணக்குகள் அங்கே காத்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல் தொகையாகப் பிரிக்கலாம் என்பதற்கு ஹார்டியும் ராமானுஜனும் 1918இல் கொடுத்த சூத்திரத்தை 1937இல் ராடமாக்கர் என்ற கணிதர் துல்லியமாக்கிவிட்டார். டௌ சார்பு என்ற ஒன்றைப் பற்றி ராமானுஜன் ஊகித்ததை 1974இல் டெலின் என்ற பெல்ஜியக்காரர் நிரூபித்தார். சாவதற்கு மூன்று மாதம் முன்பு ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் போலி தீட்டா சார்புகள் என்று ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனாரே, அவை உண்மையில் என்ன என்பதை 2002இல் ஸ்வெகர்ஸ் என்ற டச்சுக்காரர் தன் ஆய்வேட்டில் விளக்கினார். தொலைந்த நோட்டு என்று சொல்லப்படும் காகிதக் கட்டை 1976இல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கண்டெடுத்தவர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர். நோட்டுகளில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளை ஒவ்வொன்றாக நிரூபித்து ஐந்து பாகமாக வெளியிட்டவர் புரூஸ் பெர்ன்ட், அவரும் அமெரிக்கர். இவர்கள் யாருக்கும் ராமானுஜனின் மரபணு கிடையாது. நோட்டைப் படித்தார்கள், அவ்வளவுதான்.

போலோ மைதானம் குவார்த்தெதேராவின் படிகளுக்காக அப்படியே இருந்தது. கணித மைதானம் அப்படி இல்லை. அதை மாற்றிவிட்டுப் போனதே முதல் ராமானுஜன்தான். அதே சூத்திரத்தை இரண்டாவது ராமானுஜன் இன்று கண்டுபிடித்தால், வாத்தியார் "நல்லா வந்திருக்கு, ஆனா இது 1918லயே வந்தாச்சு" என்று நோட்டைத் திருப்பிக் கொடுப்பார். சாதனையைப் படியெடுக்க முடியாததற்கு இதுவே எனக்கு முதல் காரணம். மரபணு, கருப்பை, பூனை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

படியாகப் பிறக்கப்போகும் அந்தக் குழந்தையை நினைத்தால்தான் எனக்கு மனசு கனக்கிறது. ஹான்ஸ் யோனாஸ் என்ற ஜெர்மானியத் தத்துவவாதி, டாலி பிறப்பதற்கு இருபது வருஷத்துக்கும் முன்பே இதை யோசித்தார். தான் யாராகப்போகிறோம் என்று தெரியாமல் வளர்வது ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள உரிமை; படியாகப் பிறந்தவனிடமிருந்து அது பறிக்கப்படுகிறது என்றார். மூன்றாம் வகுப்பில் பெருக்கலில் தப்பு விட்டால் ஊரே கூடிப் பேசும். அவன் கிரிக்கெட் ஆட ஆசைப்பட்டால் துரோகம் என்பார்கள். முப்பத்திரண்டாவது பிறந்தநாளில் டிவிக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். செகண்ட் சான்ஸ் என்ற அந்தக் காளை முட்டியது. இவனுக்கு முட்டக்கூட வழியிருக்காது.

ராமானுஜனுக்கு உண்மையான படி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அவர் கையெழுத்திலேயே அந்த நோட்டுகளை மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1957இல் இரண்டு தொகுதிகளாக நகலெடுத்து வெளியிட்டது. பிற்பாடு சென்னை ரோஜா முத்தையா நூலகத்தார் உதவியோடு தெளிவாகப் படமெடுத்து மறுபதிப்பும் வந்தது. கூட்டம் தொடங்குவதற்கு முன் இங்குள்ள நூலகத்து அலமாரிகளைப் பார்த்தேன். ராமானுஜனின் வாழ்க்கை வரலாறு நாலைந்து இருக்கிறது. நோட்டு இல்லை. நூலகப் பொறுப்பாளர் இங்கேதான் இருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த கொள்முதலில் அந்தத் தொகுதிகளை வாங்கி, பூட்டிய பீரோவில் வைக்காமல், பையன்கள் கை எட்டும் தட்டில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.